ஊருக்கா, மொகஞ்சதாரோவா: ராஜா இல்லாமல் நகரம் நடக்குமா?

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இதுதான்: விவசாயம் வந்தது, தானியம் மிஞ்சியது, மிஞ்சியதை வைத்து நகரம் எழுந்தது, அதோடு கோயில், ராஜா, வரி, எழுத்து, படை எல்லாம் ஒரே மூட்டையாக வந்து இறங்கின. 1950இல் கார்டன் சைல்டு என்ற தொல்லியலாளர் நகரத்துக்குப் பத்து அடையாளங்கள் என்று ஒரு பட்டியலே போட்டார், பாடநூல்கள் இன்னமும் அதைச் சுற்றித்தான் ஓடுகின்றன. இந்த வரிசை ஊருக் நகரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மொகஞ்சதாரோவுக்குப் போனால் பாதியில் நின்றுவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இரண்டும் ஒரே காலத்தில் உச்சத்தில் இருந்தவை அல்ல. தெற்கு ஈராக்கில் வர்க்கா என்று இன்று அழைக்கப்படும் ஊருக், கி.மு. 3300-2900 வாக்கில் உலகத்திலேயே பெரிய ஊர். சிந்து மாகாணத்தில் லார்க்கானா பக்கம் இருக்கும் மொகஞ்சதாரோ கி.மு. 2600 முதல் 1900 வரை. மக்கள்தொகை என்று பார்த்தால் இரண்டுக்குமே 40,000 என்கிற அளவில்தான் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அதாவது நம்ம ஊர் நடுத்தர நகராட்சி ஒன்றின் அளவு. ஆனால் அப்போது அதுபோல வேறு எதுவும் கிடையாது.

ஊருக்கில் தோண்டத் தோண்டக் கைக்குச் சிக்குவது தங்கமும் சிலையும் அல்ல, மட்டரகமான ஒரு மண் கிண்ணம். சக்கரத்தில் வனைந்ததுகூட இல்லை, அச்சில் அழுத்தி, விளிம்பைச் சாய்வாகச் சீவி, அப்படியே சுட்டு எடுத்தது. அழகைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் செய்து, ஆயிரக்கணக்கில் தூக்கி எறிந்திருக்கிறார்கள். வேலை செய்தவர்களுக்குப் பார்லி படியளந்த கிண்ணம் என்பது பரவலான கருத்து, இல்லை ரொட்டி சுட்ட அச்சு என்று வாதாடுபவர்களும் உண்டு. ஆனால் அதே ஊரின் ஆரம்பகால எழுத்தில், மனிதத் தலையும் அதன் வாய்ப்பக்கம் இதே மாதிரி ஒரு கிண்ணமும் சேர்ந்த ஒரு குறி வருகிறது. அதற்குச் சாப்பிடுவது, ரேஷன் என்று பொருள் கொள்கிறார்கள். எனக்கு அது போதும்.

அந்த எழுத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஊருக்கிலிருந்து அந்தக் காலத்துக் களிமண் பலகைகள் சுமார் 5,000 கிடைத்திருக்கின்றன. கவிதை, வழிபாடு, காதல் எதுவும் கிடையாது. பெரும்பகுதி கணக்கு, மிச்சம் அந்தக் கணக்கை எழுதப் பழகுபவர்களுக்கான சொற்பட்டியல். ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதம், கடைசியில் ‘குஷிம்’ என்று ஒரு பெயர். குஷிம் ஒரு ஆளா, ஒரு பதவியா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆள்தான் என்றால், நமக்குப் பெயர் தெரிந்த முதல் மனிதர்களில் ஒருவர் ராஜாவும் இல்லை, கவிஞரும் இல்லை, கிடங்குக் கணக்குப்பிள்ளை. இதே கணக்குகளில் அடிமைப் பெண்ணைக் குறிக்கும் குறி என்ன தெரியுமா? பெண்ணுக்கான குறி, பக்கத்தில் மலைக்கான குறி. மலைநாட்டிலிருந்து பிடித்து வந்தவள் என்று அர்த்தம். ஆட்டையும் பார்லியையும் எண்ணிய அதே கை அவளையும் எண்ணி எழுதியிருக்கிறது.

அங்கே தலைவன் யார் என்பதிலும் சந்தேகமே இல்லை. தாடி, தலைப்பட்டை, வலைபோன்ற பாவாடை, இந்த மூன்றோடும் ஒரு ஆள் உருளை முத்திரைகளில் திரும்பத் திரும்ப வருகிறான். ஒரு முத்திரையில் ஆடுகளுக்கு இலைதழை ஊட்டுகிறான், இன்னொன்றில் கைகட்டப்பட்ட கைதிகளை அவன் முன்னால் போட்டு அடிக்கிறார்கள். பிற்பாடு, கி.மு. 2900 வாக்கில், ஊரைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் மதில். ஆக அரசு என்பதை அதன் முழு லட்சணத்தோடு பார்க்க வேண்டுமா, ஊருக்குக்குப் போங்கள்.

சரி, மொகஞ்சதாரோ. அரண்மனை என்று கை காட்ட ஒரு கட்டடம் இல்லை. ராஜ சமாதி இல்லை. எதிரியை மிதிக்கும் மன்னன் படம் இல்லவே இல்லை. ‘பூசாரி அரசர்’ என்று எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிலை மொத்தமே 17.5 சென்டிமீட்டர் உயரம், மாவுக்கல்லில் செய்தது. அவர் பூசாரி என்பதற்கும் ஆதாரம் இல்லை, அரசர் என்பதற்கும் இல்லை, தோண்டியவர்கள் சூட்டிய பெயர் ஒட்டிக்கொண்டது. ‘பெரும் தானியக் களஞ்சியம்’ கதையும் இதேதான். தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் பெயர் வைத்தார், உள்ளே தானியத்தின் சுவடு கிடைக்கவில்லை.

இருப்பது என்ன? தண்ணீர். 700க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்திருக்கும் என்பது அங்கே ஆய்வு செய்தவர்களின் கணக்கு, ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒன்று. ஒரு பக்கம் குறுகிய ஆப்பு வடிவச் செங்கல்லைத் தனியாகச் சுட்டு, வட்டமாக அடுக்கி இறக்கியிருக்கிறார்கள். வட்டத்தில் வெளிப்பக்கத்து மண் நெருக்க நெருக்கக் கல் இறுகும், உள்ளே சரியாது. சுற்றியுள்ள மண்ணை எடுத்துவிட்டதால் இன்று அந்தக் கிணறுகள் தரைக்கு மேலே புகைபோக்கி மாதிரி நிற்கின்றன. அநேகமாக எல்லா வீட்டிலும் செங்கல் பாவிய குளியல் மேடை, அதிலிருந்து சரிவாக ஒரு வாய்க்கால், அது போய்ச் சேரும் தெருச் சாக்கடை, அந்தச் சாக்கடைக்கு மூடி, கசடு தங்கி நிற்க ஆங்காங்கே ஒரு குழி, அதை யாரோ அவ்வப்போது அள்ளியிருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு இது வேலை செய்தது. ஊருக்கின் உழைப்பில் பெரும்பங்கு கோயில் வளாகத்துக்குப் போனது, இங்கே அது தெருவுக்கும் வீட்டுக்கும் போயிருக்கிறது. மேட்டுப் பகுதியில் இருக்கும் பெருங்குளம்கூட 12 மீட்டருக்கு 7 மீட்டர்தான், இறங்கிக் குளிக்கும் படிக்கட்டோடு.

இதில் ஒரு பழைய வாதம் அடிபட்டுப் போகிறது. ஆற்றுநீரைக் கட்டி மேய்க்கப் பெரிய நிர்வாகம் தேவை, அதனால்தான் சர்வாதிகார அரசு பிறந்தது என்று 1957இல் விட்ஃபோகல் என்ற வரலாற்றறிஞர் எழுதினார். ராபர்ட் ஆடம்ஸ் என்ற தொல்லியலாளர் ஊருக் இருந்த மெசபொத்தேமியாவில் களஆய்வு செய்து, பெரிய கால்வாய்த் திட்டங்கள் அரசுகளுக்குப் பிந்தியவை என்று காட்டினார். தண்ணீரை இவ்வளவு நுணுக்கமாகக் கையாண்ட ஊரிலோ, ராஜாவையே காணோம்.

அதற்காக மொகஞ்சதாரோவைச் சமத்துவபுரம் ஆக்கிவிட வேண்டாம். பெரிய வீடு உண்டு, சின்ன வீடு உண்டு. மேட்டுப் பகுதியை அத்தனை உயரத்துக்குத் தூக்க யாரோ மண் சுமந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் யாரோ படியளந்திருக்க வேண்டும். ஹரப்பாவின் பிற்கால எலும்புகளில் மண்டையில் அடிவாங்கிய தடயம் இருக்கிறது. அப்புறம் அந்தச் செங்கல்: உயரம், அகலம், நீளம் மூன்றுக்கும் 1:2:4 என்ற விகிதம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களிலும் அப்படியே வருகிறது, எடைக்கற்களும் அப்படித்தான். யாரும் கேட்க ஆளில்லாமல் இந்த ஒழுங்கு வருமா என்பது நியாயமான கேள்வி. வணிகக் குழுக்கள், பெரிய குடும்பங்கள், ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் ஏற்பாடு என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எடைக்கல் விஷயத்தில் எனக்கு அது சரியாகவே படுகிறது. ஏமாற்றினால் நாளைக்கு வியாபாரம் இல்லை என்ற பயமே போதும், அதற்குச் சிப்பாய் வேண்டாம். மேட்டின் உச்சியில் நிற்கும் பிற்காலப் பௌத்த ஸ்தூபிக்கு அடியில் அரண்மனை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். இருந்தால் நான் எழுதியதில் பாதியை அழிக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தில் ஊருக் கை ஓங்கி நிற்கிறது. அது பேசுகிறது. சிந்துவெளி வாசகங்கள் சராசரியாக ஐந்தாறு குறிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஐராவதம் மகாதேவன் 1977இல் எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுத்தும், தமிழக அரசு 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தும், அந்த எழுத்து வாயைத் திறக்கவில்லை. நீடித்து நின்றதிலும் ஊருக்கே மேல். கி.பி. முதல் நூற்றாண்டு வரை அங்கே ஆப்பெழுத்தில், அதாவது களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாகப் பதிக்கும் எழுத்தில், எழுதியிருக்கிறார்கள். மொகஞ்சதாரோ 700 ஆண்டுகளில் காலி.

குடியிருக்க எது என்று கேட்டால் யோசிக்காமல் மொகஞ்சதாரோ என்பேன், அதுவும் பொம்பளைகளுக்கும் கூலியாட்களுக்கும். அரசு எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள ஊருக். நகரம் வேண்டுமென்றால் அரசையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கவில்லை.

சிந்துவெளிக்காரர்களுக்கு ராஜா என்றால் என்னவென்றே தெரியாது என்றும் சொல்ல முடியாது. மெலுஹா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நிற்கின்றன என்று மெசபொத்தேமியாவின் அக்காத் மன்னன் சார்கோன் பீற்றிக்கொண்டான். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மெலுஹா மொழிக்கு மொழிபெயர்ப்பாளராக ஷு-இலிஷு என்று ஒருவர் அங்கே இருந்திருக்கிறார், அவருடைய முத்திரை பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சரக்கோடு போய், ராஜாக்களின் சிலையையும் வெற்றித் தூணையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் அந்த மாதிரி ஒரு சிலைகூட இங்கே வைக்கவில்லை.