சாப்ஸ்டிக்கா, முள்கரண்டியா? இரண்டு வருடம் பழகியபின் என் கை போகும் பக்கம்

இரண்டு வருடமாக நூடுல்ஸ், டம்ப்ளிங், டோஃபு (சோயாப் பாலில் செய்யும் பன்னீர் மாதிரி) எதுவானாலும் சாப்ஸ்டிக்கில்தான் சாப்பிடுகிறேன். அதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் முள்கரண்டிதான். இப்போதும் சமையலறை இழுப்பறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஆனால் கை முதலில் தேடுவது குச்சிகளைத்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். முள்கரண்டி யார் கையிலும் முதல் நாளே உட்கார்ந்துவிடும். சாப்ஸ்டிக் என் கைக்கு வர இரண்டு வாரம் ஆனது. சூப் குடிக்க இரண்டுமே உதவாது. பெரிய இறைச்சித் துண்டைத் தட்டில் வைத்து வெட்டிச் சாப்பிடுவதென்றால் கத்தியும் முள்கரண்டியும்தான், அதில் போட்டியே இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது வேறொன்று. முள்கரண்டி உணவைக் குத்தி எடுக்கிறது. சாப்ஸ்டிக் இடுக்கி எடுக்கிறது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஒரு ஷியாவ்லாங்பாவை எதிரில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும். ஷாங்காய் வட்டாரத்தில் பேர்போன டம்ப்ளிங் அது. ஜெல்லியாக உறைந்த இறைச்சிச் சாற்றைப் பூரணத்தோடு சேர்த்து மெல்லிய மாவுக்குள் வைத்து மடிப்பார்கள். ஆவியில் வேகும்போது ஜெல்லி உருகி, உள்ளே சூடான சூப்பாக நிற்கும். முள்கரண்டியால் குத்தினால் அந்த நிமிடமே நாலு ஓட்டை. சூப் முழுக்கத் தட்டில் ஓடிவிடும், வாய்க்கு வருவது தொளதொளத்த மாவும் கறியும்தான். சாப்ஸ்டிக்கால் எடுக்கும்போது மேலே மாவை முறுக்கி மூடிய குடுமியைப் பிடிக்கிறோம். அங்கே மாவு தடிப்பு, கிழியாது. மெதுவாகத் தூக்கினால் அடிப்பக்கம் கனத்து, தண்ணீர் நிரப்பிய பைபோலத் தொங்கும். அப்படியே ஸ்பூனில் இறக்கி, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். செய்தவர் உள்ளே வைத்தது சிந்தாமல் நம் வாய் வரைக்கும் வருகிறது. அன்றைக்கே நான் மாறிவிட்டேன்.

டோஃபுவும் இப்படித்தான். குத்தினால் பிளந்துவிடும். குச்சிகளை இரண்டு பக்கமும் லேசாக அணைத்துத் தூக்கினால் முழுசாக வரும். (மிக மிருதுவான சில்கன் டோஃபுவை மட்டும் ஸ்பூனில் எடுப்பதே நல்லது.) மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானிய டெம்புராவின் மொறுமொறுப்பான மேலோடு குத்தும்போது உடைந்து உதிர்கிறது, இடுக்கினால் உதிர்வதில்லை. மீனில் முள் எடுக்க, கூர்மையான முனையுள்ள சாப்ஸ்டிக்குக்கு ஈடாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை. சாலட் இலைகூட முள்கரண்டிக்கு நழுவிக்கொண்டே போகும், குச்சிகளுக்கு இடையில் சமர்த்தாக மாட்டிக்கொள்ளும். குழம்பில் மிதக்கும் நூடுல்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முள்கரண்டியில் சுருட்டச் சுருட்ட அவிழ்ந்து விழுந்து சட்டையில் தெறிக்கும். சாப்ஸ்டிக்கால் நாலைந்து இழையைத் தூக்கி ஒரு நொடி பிடித்தால், குழம்பு கிண்ணத்துக்கே வடிந்துவிடும்.

இரண்டும் பிறந்த இடத்தைப் பார்த்தால் இது ஏன் என்று விளங்குகிறது. தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயப் பயணி 1611-ல் வெளியிட்ட பயணநூலில், இத்தாலியர்கள் ஒரு கையில் கத்தியால் இறைச்சியை வெட்டும்போது மறு கையிலுள்ள முள்கரண்டியால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்வதைக் குறிப்பிடுகிறார். அதாவது முள்கரண்டி சாப்பாட்டு மேசையில் கத்திக்குத் துணை. அந்தக் காலத்து முள்கரண்டிகள் பலவற்றில் இரண்டே நேரான முட்கள். அள்ளவும் உதவும்படி வளைந்த நாலு முட்கள் பின்னால் வந்தவை. சாப்ஸ்டிக்கோ சமையலறைப் பிள்ளை. சீனாவில் அன்யாங் நகருக்கு அருகே யின்ஷு என்ற தொல்லியல் தளத்தில் கிடைத்த வெண்கலக் குச்சிகளுக்கு 3,000 வயதுக்கு மேல். அவை பாத்திரத்திலிருந்து உணவை எடுக்கும் சமையல் கருவிகளாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். கத்தி வேலை அடுப்படியிலேயே முடிந்து, ஒரு வாய்க்கு ஒரு துண்டாக வரும் சாப்பாட்டுக்கு அதுவே போதும்.

அதனால் யாராவது எது வாங்கலாம் என்று கேட்டால், நீங்கள் சாப்பிடும் உணவில் கத்தி எங்கே வேலை செய்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன். தட்டில் என்றால் முள்கரண்டி. அடுப்படியில் என்றால் சாப்ஸ்டிக்.

சோறு மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை குறைவு, ஒட்டிக்கொள்ளும், கட்டியாகத் தூக்கலாம். அங்கேயும் சீனாவிலும் கிண்ணத்தைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோகிறார்கள். கொரியாவில் கிண்ணம் மேசையிலேயே இருக்கும், சோற்றுக்கு ஸ்பூன். உதிரி உதிரியான நீள அரிசியைத் தட்டையான தட்டில் போட்டுக்கொண்டு சாப்ஸ்டிக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. தாய்லாந்தில் இடது கை முள்கரண்டியால் சோற்றைத் தள்ளி வலது கை ஸ்பூனில் ஏற்றிச் சாப்பிடுகிறார்கள். சாப்ஸ்டிக் பெரும்பாலும் நூடுல்ஸுக்குத்தான் வெளியே வரும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்திருக்கிறது.

பராமரிப்பில் முள்கரண்டிக்கே முழு மதிப்பெண். 18/10 எஃகு என்றால் 18 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல்; துரு அண்டாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். மூங்கில் குச்சியை ஊறவிடக் கூடாது. கழுவியதும் துடைத்து, முனை மேலே இருக்க நிறுத்திவைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். விரிசல் விட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். அரக்குப் பூசியது பார்க்க அழகு, இயந்திரச் சூட்டில் பூச்சு உரிந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மரக்குச்சிகளை மட்டும் தயவுசெய்து பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். அவற்றுக்காக வெட்டப்படும் மரங்களை நினைத்துத்தான் சீனா 2006-ல் அவற்றின் மீது 5 சதவீத வரி போட்டது.

சாப்ஸ்டிக்கிலும் வகை இருக்கிறது. சீனக் குச்சி நீளம், முனை மொட்டை. நடுவில் வைத்த பொதுத் தட்டுக்கு எட்டும். ஜப்பானியது குட்டை, முனை கூர்மை. கொரியாவில் உலோகம், பட்டையாக இருக்கும். அதை நான் சில வாரங்கள்தான் பிடித்துப் பார்த்தேன். வழுக்கியது, கனமாகப் பட்டது. இன்னும் பழகியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. புதிதாகத் தொடங்குபவருக்கு, பூச்சில்லாத, முனையில் வரி கீறிய மூங்கில் ஜோடி நல்லது.

பிடிப்பில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான், கீழ்க்குச்சியையும் ஆட்டுவது. அது கட்டைவிரல் இடுக்கிலும் மோதிரவிரல் மேலும் படுத்து அசையாமல் இருக்க வேண்டும். மேல்குச்சியைப் பென்சில் மாதிரி பிடித்து அதை மட்டும் அசையுங்கள். இரண்டு முனையும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, முதல் நாள் பஞ்சு உருண்டை, அப்புறம் வேர்க்கடலை. கடலை நழுவாமல் வந்துவிட்டால் டம்ப்ளிங்குக்குப் போகலாம்.