வைஸில் வளைக்கும் டை: மூன்று வருடம் கழித்து

தகட்டை V வடிவப் பள்ளத்தில் அழுத்தி வளைக்கும் அச்சுக்கு டை என்று பெயர். வைஸில், அதாவது பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே திருகால் இறுக்கும் பிடிப்பானில், மாட்டி வளைக்க மூன்று வருடத்துக்கு முன் ஒன்று செய்துகொண்டேன். போன வாரம் அந்த வைஸின் நகரும் தாடைக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு செருகி ஆட்டத்தைக் குறைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மைத்துனர், “மச்சான், எனக்கும் இப்படி ஒரு டை செஞ்சு தர்றீங்களா?” என்றார். செய்யலாமா வேண்டாமா என்று யோசித்ததில்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டம் நின்றுபோன ஒரு பிரஸ் பிரேக்கின் (தகடு வளைக்கும் பெரிய இயந்திரம்) பஞ்ச், அதாவது தகட்டைப் பள்ளத்துக்குள் அழுத்தும் முனைத் துண்டு, அதன் டை இரண்டும் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தன. 150 மி.மீ. நீளத்துக்கு அறுத்தேன். கடினப்படுத்திய எஃகு என்பதால் ஹாக்ஸா பல் ஏறாது. கட்டிங் வீலில், தண்ணீர் ஊற்றி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறுக்க முடியும். சூட்டில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் கடினம் போச்சு.

டையின் பள்ளம் 8 மி.மீ. அகலம். தகட்டின் கனத்தைப் போல எட்டு மடங்கு என்பது வழக்கமான கணக்கு. 1 மி.மீ. இரும்புத் தகட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கு வளைக்க ஏறக்குறைய 8 டன் விசை வேண்டும், 150 மி.மீ.க்கு 1.2 டன். நல்ல 6 அங்குல வைஸ் அதைத் தந்துவிடும். இதே பள்ளத்தில் 2 மி.மீ. தகட்டுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். ஒருமுறை முயன்று விட்டுவிட்டேன்.

இதில் எனக்குப் பிடித்தது திருகின் நிதானம். தகடு வளைந்தபின் கொஞ்சம் திரும்பி விரியும், ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் அதிகம். கைப்பிடி எங்கே நிற்க வேண்டும் என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால், அதே தகட்டில் பத்துத் துண்டும் ஒரே கோணத்தில் வரும். சுத்தியலால் தட்டி எடுத்த மூலையையும் இதையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

ஆனால் அந்தத் தாடை! திருகு கீழே இருக்கிறது, வேலையோ மேலே நடக்கிறது. இறுக்க இறுக்க நகரும் தாடை பின்னால் சாயும். அதில் மாட்டிய பஞ்சின் முனை மேல்பக்கம் ஏறி, வளைவு என் கோட்டைவிட்டு அரை மில்லி விலகிவிடும். ஒரு துண்டில் தெரியாது. நான்கு சுவர் உள்ள பெட்டியை மூடும்போது தெரியும். பஞ்சும் டையும் நேராக நிற்கக் கைடு பின் (துளைக்குள் ஓடும் வழிகாட்டிக் கம்பி) போட்டேன், சாய்வில் பின் இறுகி நின்றது. துளையைத் தளர்த்தினேன், விலகல் திரும்பி வந்தது. டையின் மேல் குற்றமில்லை, அதைச் சுமக்கிற வைஸின் மேல்தான். இருந்தாலும் மூன்று வருடமாக என் கோபம் டையின் மேல்தான் போகிறது. பித்தளைத் தகடு வைத்தபின் விலகல் பாதியாகியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

கோணத்துக்கு இதைவிட நம்பகமான கைக்கருவி என்னிடம் இல்லை. ஆனாலும் மைத்துனரிடம், அளவு பிசகக்கூடாத வேலை என்றால் வேண்டாம், ஒரு சின்ன கை பிரஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அறுத்ததுபோக மீந்த டைத் துண்டைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவர் மறுபடி கேட்டால் மறுக்க மனம் வராது.