எஸ்.பி. ரோட்டில் கணக்குப் போட்டுக் காட்டி விற்ற கடை

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் அப்பா நடத்தும் ஜெராக்ஸ் கடையின் லேப்டாப் ஆன் ஆகி வேலைக்கு வரவே ஐந்தாறு நிமிடம் ஆனது. பக்கத்தில் ஒரு கடையில் கேட்டால் புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்றார்கள். சரி என்று சனிக்கிழமை சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழர்.

"8 ஜி.பி. ரேம் ஒண்ணு போடுங்கண்ணா" என்றேன். எடுத்துக் கொடுத்திருந்தால் பேசாமல் வாங்கி வந்திருப்பேன். அவர் லேப்டாப்பில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் ரேம் பாதிதான் நிரம்பியிருந்தது, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. "ரேம்ல இடம் இருக்கு தம்பி, டிஸ்க்தான் திணறுது" என்று ஒரு பில்லைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது செகண்டுக்கு 90. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி செகண்ட். வேண்டிய இடம், படிக்கும் முனையான ஹெட்டுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 5.6. அதற்கு முன் ஹெட் சரியான ட்ராக்குக்கு (தட்டில் உள்ள வட்டப் பாதைக்கு) நகர 12 என்று வைத்துக்கொண்டார். மொத்தம் 17.6. 4 கே.பி. துண்டைப் படிக்கும் நேரமோ 0.04 மில்லி செகண்ட்தான்! ஆன் ஆகும்போது அப்படி 20,000 துண்டு அங்கங்கே சிதறிக் கிடந்தால் 352 செகண்ட், கிட்டத்தட்ட ஆறு நிமிடம். எங்கள் கடையில் தினமும் காத்திருந்த நேரம் அதே தாளில் வந்து நின்றதும் எனக்கு வாயடைத்துவிட்டது.

7200 சுற்று டிஸ்க் போடலாமா என்றேன். அரைச் சுற்று 4.2 ஆகும், ஒன்றரை மில்லி செகண்டுகூட மிச்சமில்லை என்றார். ரேமைக் கூட்டினாலும் ஏன் போதாது என்று அந்தக் கணக்கும் போட்டார்: நூறு தடவையில் 99 தடவை ரேமிலேயே கிடைத்து, ஒரே ஒரு தடவை டிஸ்க்குக்குப் போனாலும் சராசரி 0.176 மில்லி செகண்ட், அது ரேம் எடுக்கும் 100 நானோ செகண்டைப் (0.0001 மில்லி செகண்ட்) போல 1,760 மடங்கு. கல்லூரியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய சூத்திரம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசியில் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பிலேயே சேமிக்கும் 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினேன். அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகை இந்த மாடலில் உட்காராது என்று அவரே சொல்லிவிட்டார். சுற்றும் தட்டு இல்லாததால் ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செகண்ட் போதும், அந்த 20,000 துண்டும் இரண்டே செகண்ட். இப்போது அப்பா ஷட்டரைத் தூக்கிவிட்டு வருவதற்குள் லேப்டாப் தயார். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதே, வெளியிலிருந்து இணைக்கும் யூ.எஸ்.பி. கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள் என்றார். பெரிய ஃபைல் வரிசையாக இருந்தால் ஹெட் அலையத் தேவையில்லை, செகண்டுக்கு 100 எம்.பி. வரைகூடப் போகும்.

குறை என்றால், பழையதை அப்படியே புதியதுக்கு மாற்ற மூன்று மணி நேரம் ஆனது, உட்கார நாற்காலி கிடையாது. வாரண்டி கார்டில் சீல் வைக்கவும் நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. காலையிலேயே போய் லேப்டாப்பைக் கொடுத்துவிடுங்கள், சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள்.