வாட்டர் சர்வீஸ் மாதப் பேக்கேஜ்: டிப்பர், ஜேசிபி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மேலூர்ப் பக்கம் ஒரு டிப்பரும் ஒரு ஜேசிபியும் ஓட்டுகிறேன். ரெண்டுமே டியூ கட்டிக்கொண்டிருக்கும் வண்டிகள். ஏமாந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கையில் பில் இல்லாமல் பெயரைச் சொன்னால் வழக்கு என் பக்கமே திரும்பும். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

டிப்பர் ஓடுவது கல் உடைக்கும் கிரஷருக்கு. ஒரு வாரம் கழுவாமல் விட்டால் ரேடியேட்டர் முழுக்கக் கல்மாவு அடைத்து, லோடோடு மேடு ஏறும்போதே டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறும். ஜேசிபிக்கு ஒரு வாரம் பில்டிங் சைட்டில் கான்கிரீட் தெறிப்பு, அடுத்த வாரம் கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். கரிசல் சேறு காய்ந்துவிட்டால் கடப்பாரையால்தான் பெயர்க்கணும். அப்பா காலத்தில் லாரியைக் கண்மாயில் இறக்கித்தான் கழுவுவார்கள். ஆடு மாடு குடிக்கிற தண்ணீரில் ஆயில் மிதக்கிறது என்று ஊர்க்காரர்கள் நிறுத்திவிட்டார்கள், நியாயம்தான். ஆக வாட்டர் சர்வீஸை விட்டால் வேறு வழியில்லை.

போன வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு நாலுவழிச் சாலையோரம் ஒரு இடத்தில் மாதப் பேக்கேஜ் என்றார்கள். டிப்பருக்கு மாதம் 4 தடவை, ஜேசிபிக்கு 2 தடவை. கிரீஸ் இலவசம், அடியில் ஆயில் ஸ்ப்ரே இலவசம். மாதம் 4,500 ரூபாய், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 24,000. "அண்ணே, இந்த ரேட்டு உங்களுக்கு மட்டும்தான், வெளிய சொல்லிராதீங்க" என்றான் அங்கே இருந்தவன். எத்தனை பேரிடம் அதையே சொன்னானோ! தேதியும் தொகையும் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் ரெண்டு மாதம் வண்டி ஷோரூமில் இருந்து வந்த மாதிரி இருந்தது. ஜேசிபியின் பூம் என்கிற நீளக் கையிலும் காலிலும் ஒரு வருஷமாக ஒட்டிக்கிடந்த கான்கிரீட் கட்டி பத்தே நிமிஷத்தில் நுரைத்துக் கரைந்தது. மூக்கை அறுக்கிற நெடி. "என்னப்பா இது?" என்றேன். "புது கெமிக்கல்ண்ணே, கம்பெனி சரக்கு" என்றான். நானும் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, வண்டியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

ஆடியில் ஜேசிபி ஆயில் கசிய ஆரம்பித்தது. சிலிண்டரில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்களை, அதாவது சீல் கிட்டை, மாற்றினேன். மூணே வாரத்தில் மறுபடி கசிவு. டூப்ளிகேட் சீலைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஸ்பேர்ஸ் கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அந்த மனுஷன் முகத்தில் இன்னும் முழிக்க முடியவில்லை.

ஒத்தக்கடையில் வயசான ஹைட்ராலிக் மெக்கானிக் ஒருவர்தான் கண்டுபிடித்தார். சிலிண்டருக்குள் போய்வரும் கம்பியான ராடை முழுசாக வெளியே நீட்டச் சொல்லித் துணியால் துடைத்துவிட்டு, "தம்பி, கைய வச்சுப் பாரு" என்றார். கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டிய ராடு அரம் மாதிரி இருந்தது. "ஆசிட் ஊத்திக் கழுவுனியாப்பா?"

ராடின் மேலே இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கான்கிரீட்டைக் கரைப்பது உண்மைதான், ஆனால் குரோமையும் சேர்த்துத் தின்றுவிடும். பூச்சு போன இடத்தில் கீழே உள்ள இரும்பு துரு பிடித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ராடு உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழி சீலைக் கிழிக்கும். அப்புறம் எத்தனை சீல் மாற்றி என்ன?

அவர் ஜாயிண்டைக் கோத்திருக்கும் பின்னைத் தட்டிக் கழற்றியபோது எனக்கு வயிறு எரிந்தது. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிள் மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புது கிரீஸ் அப்பியிருக்கிறது, உள்ளே சொட்டுக் கிரீஸ் இல்லை, செந்துருத் தூள்தான். பின்னைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது. கிரீஸ் துப்பாக்கியால் பம்ப் பண்ணவே இல்லை, விரலால் எடுத்துப் பூசியிருக்கிறார்கள். கழுவும்போது பிரஷர் தண்ணீர் ஜாயிண்டுக்குள் போகும். அதை வெளியே தள்ளத்தான் கழுவி முடித்ததும் கிரீஸ் அடிப்பதே. டிப்பர் அடியில் அடித்த "ஆயில் ஸ்ப்ரே"யும் கழிவு எஞ்சின் ஆயில்தான். அதில் கல்மாவு போய் ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங் பட்டைக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உப்புத்தாள் வேலை பார்த்திருக்கிறது. ரேடியேட்டர் தகட்டைக் கிட்ட இருந்து பிரஷர் தண்ணீர் கன் அடித்தே மடக்கியிருந்தார்கள், காற்று போக வழியில்லை.

ராடைக் கழற்றிக் குரோம் பூசியது, பின், புஷ், சீல், கூலி எல்லாம் சேர்த்து 58,000. வண்டி ஒன்பது நாள் நின்றது தனி.

சண்டை போடப் போனேன். முதலாளி அசரவில்லை. "வண்டிக்கு வயசாச்சுண்ணே." கழுவுகிற பையனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "கக்கூஸ் கழுவுற ஆசிட்தான்ணே, கேன் கணக்குல வாங்கி வருவாங்க" என்றான். கையுறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதற்கு மேல் அவனிடம் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது கான்கிரீட் வேலை என்றால் அன்று சாயங்காலமே, இறுகுவதற்கு முன்னால் கழுவிவிடுகிறோம். வெறும் தண்ணீரே போதும். ரேடியேட்டருக்குத் தூரத்தில் இருந்து, ஃபேன் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரிதான் தண்ணீர். கிரீஸ் அடிக்கும்போது டிரைவரோ நானோ பக்கத்தில் நிற்கிறோம். பின் ஓரத்தில் பழைய கருப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியே வந்தால்தான் அடித்ததாகக் கணக்கு. வேறு எங்கே விட்டாலும் என்ன கெமிக்கல் என்று கேட்டு, கேனை வாங்கிப் பாருங்கள். முன்பணம் கேட்டால் பில் கேளுங்கள்.

மீதி ரெண்டு மாதக் காசைத் திருப்பிக் கேட்டேன். காசெல்லாம் தர முடியாதாம், வேணும்னா வீட்டு பைக்கைக் கொண்டுவந்து கழுவிக்கொள்ளலாமாம்.