சாக்கெட்டில் செருகும் வாட் மீட்டர்: இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ‘போலீஸ்’. உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா. சுவர் சாக்கெட்டில் இதைச் செருகி, இதன் முகத்தில் இருக்கும் துளைகளில் ஃபிரிட்ஜையோ கெட்டிலையோ செருகினால் போதும். அந்தச் சாதனம் இப்போது எத்தனை வாட் இழுக்கிறது, செருகியதிலிருந்து எத்தனை யூனிட் தின்றிருக்கிறது என்று சின்னத் திரையில் காட்டும். அவ்வளவுதான் இதன் வேலை. செயலி, வைஃபை எதுவும் கிடையாது. அதனாலேயே பிடித்தது.

வாங்கியதற்குக் காரணம் ஒரு சண்டை. பழைய ஃபிரிட்ஜை மாற்றிவிடலாம் என்றேன் நான். ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்றாள் மனைவி. மின்சாரத்தைக் குடிக்கிறது என்பேன். எவ்வளவு குடிக்கிறது என்பாள். அங்கே என் வாய் மூடிவிடும். சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று வாங்கினேன்.

முதல் நாள் ஒரு மணி நேரம் அளந்துவிட்டு ஒரு கணக்குப் போட்டேன். தப்பு. ஃபிரிட்ஜின் கம்ப்ரெஸ்ஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கதவை எத்தனை முறை திறக்கிறோம், வெளியே எவ்வளவு வெக்கை என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். குறைந்தது ஒரு வாரம் செருகியே வைத்திருக்க வேண்டும். வைத்தேன். ஏழு நாளில் 14 யூனிட், அதாவது நாளுக்கு 2, வருடத்துக்கு 730. அதே கொள்ளளவுள்ள புது மாடலின் ஸ்டிக்கரில் வருடத்துக்கு 260 யூனிட் என்று போட்டிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆனால் எப்போது எட்டிப் பார்த்தாலும் கம்ப்ரெஸ்ஸர் ஓடிக்கொண்டே இருந்தது உறுத்தியது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேல் பக்கம் பிடித்துக்கொண்டது. கீழ் மூலையில் வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் போய்விட்டிருக்கிறது. ரப்பரை மட்டும் மாற்றினோம். அடுத்த வாரம் 10.5 யூனிட். புதுசு அளவுக்கு இல்லைதான், ஆனாலும் ஒரு ரப்பரில் கால் பங்கு குறைந்தது. ஃபிரிட்ஜ் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. யார் ஜெயித்தது என்ற பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை.

ஒரு சின்ன விஷயம். இந்த மீட்டர் அதிகபட்ச வாட்டையும் நினைவில் வைத்திருக்கும். வழக்கமாக 120 வாட்டில் ஓடும் ஃபிரிட்ஜுக்கு ஒருநாள் 210 என்று காட்டியதும் ஏதோ பழுது என்று பதறிவிட்டேன். பழுதெல்லாம் இல்லை. பனி கட்டாத வகை ஃபிரிட்ஜ்களில் உறைந்த பனியை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. அது அவ்வப்போது கொஞ்ச நேரம் எரியும். குளிர்விக்கும் பெட்டிக்குள் ஹீட்டர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கடையில் பொருள் பார்க்கும் என் கண்ணை மாற்றியது கெட்டில்தான். பழைய கெட்டில் 1500 வாட். புதிதாகப் பார்த்தது 2200. அதிக வாட் என்றால் அதிகச் செலவு என்று அதை ஒதுக்கப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கக் கிட்டத்தட்ட 0.09 யூனிட் வெப்பம் வேண்டும். எந்தக் கெட்டிலும் அதற்குக் கீழே போக முடியாது. என் பழையது 0.10 காட்டியது, நாலு நிமிடம் எடுத்துக்கொண்டு. 2200 வாட் கெட்டிலைச் செருகினால் அதே 0.10, மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டது. வாட் என்பது இங்கே வேகம் மட்டும்தான். செலவைக் குறைப்பது எது என்றால், வேண்டிய அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவது. ஆகவே இப்போது நான் கெட்டிலில் பார்ப்பது, குறைந்தபட்ச அளவுக் கோடு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை.

வாக்குவம் கிளீனரில் இந்த வாட் எண் வேறு மாதிரி ஏமாற்றும். பெட்டியில் பெரிசாகப் போடும் வாட், மோட்டார் இழுக்கும் மின்சாரம்; அது தூசியை இழுக்கும் பலத்தைச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இதற்கு 1600 வாட் என்றும் 2017இல் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. அதற்காக அங்கே யாரும் துடைப்பத்துக்குத் திரும்பிவிடவில்லை. என்னிடம் இருந்த 2000 வாட் ராட்சசனின் சத்தத்தைத்தான் நான் இத்தனை நாள் பலம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வாஷிங் மெஷினில் நம்பவே முடியாத ஒன்று ‘ஈகோ’ என்ற சிக்கனச் சலவை முறை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, இதுவா சிக்கனம் என்று திட்டியிருக்கிறேன். அளந்தேன். 60 டிகிரியில் சாதாரணச் சலவைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ஈகோவுக்கு அதில் பாதியளவு. குளிர்ந்த தண்ணீர்ச் சலவைக்கு 0.2 கூட இல்லை. டிரம் சுற்றுவதற்கு ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான். தண்ணீரைச் சூடாக்குவதுதான் விழுங்குகிறது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஊறவைத்து உருட்டுவதால் மிச்சம்.

செட்டாப் பாக்ஸ் எங்கள் வீட்டுத் திருடன். ஓடும்போது 11 வாட். ரிமோட்டில் ‘அணைத்தால்’ 10 வாட்! சிவப்பு விளக்கு மட்டும் நல்ல பிள்ளை மாதிரி எரியும். வருடம் முழுக்க அப்படியே விட்டால் கிட்டத்தட்ட 88 யூனிட். மாறாக, செல்போன் சார்ஜரைச் செருகியே விட்டால் குடி முழுகிவிடும் என்று என்னை வருடக்கணக்கில் விரட்டியிருக்கிறார்கள். அதற்கு மீட்டர் காட்டியது பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓரிரு வாட்டுக்குக் கீழே இந்த மாதிரி மீட்டர்கள் தடுமாறும். நான் ஒரு 10 வாட் பல்பை முதலில் செருகி, அதோடு சார்ஜரையும் சேர்த்துச் செருகி, கூடுவது எவ்வளவு என்று பார்ப்பேன். அப்போதும் அசையவில்லை என்றால் சரி. வாங்கும்போது திரையில் ‘பவர் ஃபேக்டர்’ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பது) காட்டுகிறதா என்று பாருங்கள். அது இல்லாத சில மலிவு மீட்டர்கள் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிவிட்டு அதையே வாட் என்று சொல்லிவிடும். மோட்டார் உள்ள சாதனங்களுக்கு அது கூடுதலாகவே காட்டும்.

குறைகள் நிறைய. திரைக்குப் பின்விளக்கு இல்லை. தரையோரச் சாக்கெட்டில் செருகினால் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் மின்சாரம் போகும்போது கணக்கும் போய்விடும். எனக்கு ஒருமுறை அளக்க ஆரம்பித்த ஆறாவது நாள் போனது. சுவரில் நேரடியாக இணைத்த வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை இதால் அளக்கவே முடியாது. ஹீட்டர் வகையறாவை அளக்கும்போது மீட்டரின் ஆம்பியர் அளவைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்; சூடு கையில் பொறுக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அளக்கும் வேலை வேண்டாம்.

இன்னொன்று, வீட்டில் எல்லாவற்றையும் அளந்து முடித்தபின் இதற்கு வேலை இல்லை. இரண்டு மாதப் பரபரப்பு, அப்புறம் டிராயர். அதனால் தெரிந்தவர்களிடம் இருந்தால் இரவல் வாங்குவதே உத்தமம். என் அக்கா அதைத்தான் செய்தாள். “ஒரு வாரம் குடுடா, திருப்பித் தந்துடறேன்” என்று எடுத்துப் போனாள். நாலு மாதம் ஆகிறது. போன வாரம் போனில் கேட்டால், “இரு, மீன் தொட்டி மோட்டாரை இன்னும் பார்க்கலை” என்கிறாள்.