சிகாகோ குற்றத் தரவுத்தளம்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நகரக் குற்றங்களை ஆய்வு செய்ய இலவசமாகக் கிடைக்கும் தரவுகளில், சிகாகோ மாநகராட்சி இணையத்தில் வைத்திருக்கும் ‘குற்றங்கள்: 2001 முதல் இன்றுவரை’ தொகுப்புக்கு ஈடாகச் சொல்லச் சில ஊர்கள்தான் தேறும். 80 லட்சத்தைத் தாண்டிய பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் 22 நெடுவரிசைகள். வழக்கு எண், தேதி, நேரம், குற்ற வகை, நடந்தது வீட்டிலா கடையிலா நடைபாதையிலா, கைது உண்டா, குடும்ப வன்முறையா, காவல் சரகம், வார்டு, அட்சரேகை, தீர்க்கரேகை என்று எல்லாம் இருக்கும். காவல்துறையின் ‘கிளியர்’ கணினி அமைப்பிலிருந்து தினமும் புதுப்பிக்கிறார்கள். கடைசி ஏழு நாள் மட்டும் இருக்காது. பணம் கட்ட வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்சிஆர்பி) அறிக்கை மாவட்டம், மாநகரம் என்ற அளவோடு நின்றுவிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தக் கோப்பை இறக்கும் மாணவர்களில் பலர் மனதில் வைத்திருக்கும் கேள்வி, ‘குடியேறிகள் வந்தால் குற்றம் கூடுமா?’ என்பது. 2022 ஆகஸ்டில் டெக்சஸ் மாநில அரசு குடியேறிகளைப் பேருந்தில் ஏற்றிச் சிகாகோவுக்கு அனுப்பத் தொடங்கி, 40,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தபின் இந்தக் கேள்வி இன்னும் சூடாகிவிட்டது. அதற்கு இந்தத் தொகுப்பில் நேரடி விடை கிடையாது. குற்றம் செய்தவர் யார் என்று சொல்லும் நெடுவரிசை ஒன்றுகூட இல்லை. இனம் இல்லை, வயது இல்லை, பிறந்த நாடும் இல்லை. பிறந்த நாடு இல்லாதது தற்செயல் அல்ல. சிகாகோ நகரச் சட்டப்படி ஒருவரின் குடியேற்ற நிலையைக் காவலர்கள் விசாரிக்கவே கூடாது. கேட்காததைப் பதிவு செய்ய முடியாது.

ஆகவே இதை வைத்துச் செய்யக்கூடியது இடம் சார்ந்த ஆய்வுதான்: வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக வாழும் பகுதிகளில், வறுமையின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டபின், குற்ற விகிதம் கூடுதலா குறைவா? பகுதியைப் பற்றிய முடிவை ஆள் மேல் ஏற்றிப் பேசினால் ஆய்வு அங்கேயே கவிழ்ந்துவிடும். ஆள் அளவில் தெரிய வேண்டுமென்றால் வேறு தரவு வேண்டும். சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழு இதே சிகாகோவில் 180 பகுதிகளைச் சேர்ந்த 8 முதல் 25 வயதுவரையிலான 2,974 பேரைத் தொடர்ந்து பேட்டி கண்டு 2005-இல் முடிவுகளை வெளியிட்டது. மூன்றாம் தலைமுறை அமெரிக்கர்களோடு ஒப்பிட்டால், வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பு முதல் தலைமுறைக் குடியேறிகளுக்கு 45 சதவீதமும் இரண்டாம் தலைமுறைக்கு 22 சதவீதமும் குறைவு என்பது அதன் முடிவு. டெக்சஸில் கைதாகிறவர்களின் கைரேகையை மத்திய அரசின் குடியேற்றப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், அந்த மாநிலத் தரவை வைத்து சமூகவியலாளர் மைக்கேல் லைட் குழு 2020-இல் கைது விகிதத்தையே ஆராய முடிந்தது. ஆவணமற்ற குடியேறிகளின் விகிதம் அங்கேயும் உள்நாட்டில் பிறந்தவர்களைவிடக் குறைவாகவே வந்தது. சிகாகோ தளம் இவற்றுக்கு மாற்றாகாது. பகுதிகளையும் ஆண்டுகளையும் நுணுக்கமாகப் பார்க்கக் கிடைத்த துணைக் கருவி, அவ்வளவுதான்.

இறக்குவதிலேயே முதல் இடறல் வரும். முழுக் கோப்பையும் சிஎஸ்வி-யாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) எடுத்து எக்செலில் திறந்தால் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். மிச்சம் வெட்டுப்பட்டதைக் கவனிக்காமலே வரைபடம் போட்டுவிடுகிறார்கள். தளத்திலேயே ஆண்டையும் குற்ற வகையையும் வடிகட்டிவிட்டு இறக்குவது நல்லது. ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதித் தளத்திலிருந்து நேரடியாக எடுப்பவர்கள், எத்தனை பதிவு வேண்டும் என்ற ‘லிமிட்’ கொடுக்க மறந்தால் வெறும் 1,000 பதிவுகள்தான் வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. எண்ணிக்கை அச்சாக 1,000 என்று முடிந்தால் அதுதான் காரணம்.

எக்செல் செய்யும் இன்னொரு கோளாறு, முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விழுங்குவது. முதல்நிலைக் கொலைக்கு இல்லினாய் மாநிலக் குறியீடு 0110. எக்செலில் திறந்து சேமித்தால் அது 110 ஆகிவிடும். பிறகு குறியீட்டுப் பட்டியலோடு இணைக்கும்போது ஒன்றும் பொருந்தாது. இணைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் நான்கு இலக்கமாக நிரப்பிக்கொள்ளுங்கள். பீட் (காவலர் ரோந்துப் பகுதி) எண்ணுக்கும் இதே வைத்தியம். குற்ற வகைப் பெயர்களிலும் ஒழுங்கில்லை. பாலியல் வன்கொடுமை சில ஆண்டுகளில் சுருக்கப் பெயரிலும் சில ஆண்டுகளில் முழுப் பெயரிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்காவிட்டால் ஒரு கட்டத்தில் அந்தக் குற்றமே ஊரைவிட்டு ஒழிந்துபோனது போல வரைபடம் காட்டும்.

தேதியை அப்படியே நம்ப வேண்டாம். எப்போது நடந்தது என்று தெரியாதபோது தோராயமாக ஒரு நேரத்தைப் போடுகிறார்கள். அதனால் மாதத்தின் முதல் நாளிலும், நள்ளிரவு 12-லும், நண்பகல் 12-லும் செயற்கையான முகடுகள் தெரியும். மணிவாரி ஆய்வு செய்கிறவர்கள் அந்த மூன்றையும் தனியாகச் சோதிக்காமல் மேலே போகக்கூடாது. 2001, 2002 பதிவுகளில் வார்டும், நகரை 77 ஆகப் பிரித்த சமுதாயப் பகுதியின் எண்ணும் பெருமளவில் காலியாக இருக்கின்றன. பகுதிவாரி ஒப்பீட்டை 2003-இல் தொடங்குவதே பாதுகாப்பு. முகவரியில் வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்து, புள்ளியை அதே தெருத்துண்டுக்குள் சற்று நகர்த்தியும் வைக்கிறார்கள். சென்சஸ் டிராக்ட் எனப்படும் சிறு கணக்கெடுப்புப் பகுதிகளின் எல்லைகள் பெரும்பாலும் தெரு நடுவிலேயே ஓடுவதால், எல்லைத் தெருவில் நடந்தது பக்கத்து டிராக்டில் போய் விழலாம். 77 சமுதாயப் பகுதிகள் அளவில் பார்த்தால் இந்தத் தொல்லை கணிசமாகக் குறையும்.

எந்தக் குற்றத்தை எடுப்பது? கொலை. அடுத்தபடியாகத் துப்பாக்கி காட்டிய வழிப்பறி. உடல் கிடைத்தால் பதிவாகியே தீரும் என்பதால் கொலையில் ஒளிவுமறைவு குறைவு. குடியேறிகள் போலீசுக்குப் பயந்து புகார் கொடுக்க மாட்டார்கள், அதனால்தான் அவர்கள் பகுதியில் எண்ணிக்கை குறைவு என்ற வாதத்துக்கும் கொலை எண்ணிக்கையை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். கொலையில் மட்டும் ஒவ்வொரு பலிக்கும் ஒரு பதிவு. மற்ற குற்றங்களில் ஒரு சம்பவத்துக்கு ஒன்று. ஒரே வழக்கு எண் இரண்டு முறை வருகிறதே என்று நகல்களை நீக்கினால் செத்தவரையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவீர்கள். விரைவுச்சாலைக் கொலைகள் மாநிலக் காவல்துறையின் பொறுப்பு என்பதால் இங்கே சேராது. குக் கவுன்ட்டி மருத்துவப் பரிசோதகரின் தரவோடு வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். போதைப்பொருள் வகையைத் தொடவே வேண்டாம். போலீஸ் எங்கே தேடியது என்பதைத்தான் அது காட்டும். போதாததற்கு 2020 ஜனவரி 1 முதல் இல்லினாயில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது.

இனி, குற்ற விகிதம் காண எந்த மக்கள்தொகையால் வகுப்பது என்ற கேள்வி. பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். லூப் எனப்படும் நகர மையத்தில் 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பவர்கள் சுமார் 42,000 பேர். பகலில் வேலைக்கும் கடைக்கும் வந்து போகிற கூட்டம் அதைப்போலப் பல மடங்கு. குடியிருப்போரால் வகுத்தால் லூப் திருடர்களின் தலைநகரமாகத் தெரியும். ஓஹேர் விமான நிலையப் பகுதிக்கும் இதே கதை. இரண்டையும் விலக்கிவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னும் நுட்பமான சிக்கல் தெற்கு லான்டேலில் இருக்கிறது. லிட்டில் வில்லேஜ் என்ற பெயரில் மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த பகுதி அது. வடக்கே ஒட்டியிருக்கும் வடக்கு லான்டேலில் கறுப்பினத்தவர் அதிகம், வறுமையும் கடுமை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் இந்த இரண்டையும் ஒப்பிடுகிறார்கள், ஒப்பிடவும் வேண்டும். ஆனால் குக் கவுன்ட்டி சிறை இருப்பது தெற்கு லான்டேல் எல்லைக்குள். கைதிகள் மக்கள்தொகையில் சேர்ந்துவிடுவதால் விகிதம் சற்றுத் தாழ்ந்து காட்டும். சென்சஸ் துறையின் வறுமை அட்டவணையோ சிறைவாசிகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மக்கள்தொகை, வறுமை என்ற இரண்டு அட்டவணையின் மொத்தமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சிறை இருக்கும் டிராக்டைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள்.

மக்கள் தரவுக்கு சென்சஸ் துறையின் அமெரிக்கச் சமுதாய ஆய்வில் ஐந்தாண்டுத் தொகுப்பு. வெளிநாட்டில் பிறந்தோருக்கு அட்டவணை எண் பி05002, எந்த நாடு என்பதற்கு பி05006, வறுமைக்கு பி17001. டெவன் அவென்யூ ஓடும் வெஸ்ட் ரிட்ஜ் போன்ற பகுதியில், இந்தியாவில் பிறந்தவர்கள் எத்தனை, பாகிஸ்தானில் பிறந்தவர்கள் எத்தனை என்றுகூடப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு எண்ணோடும் 90 சதவீத நம்பிக்கைக்கான பிழை வீச்சு வரும். 1.645-ஆல் வகுத்தால் திட்டப் பிழை (ஸ்டாண்டர்ட் எரர்). டிராக்டுகளைக் கூட்டிப் பகுதியாக்கும்போது பிழை வீச்சுகளை அப்படியே கூட்டாமல், வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2020-இல் டிராக்ட் எல்லைகள் மாறின. பழைய ஆண்டுகளோடு இணைக்க மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் என்எச்ஜிஐஎஸ் தரும் இணைப்பு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுச் சராசரி என்பதால் 2022-க்குப் பின் பேருந்தில் வந்தவர்கள் இதில் மெதுவாகத்தான் தெரிவார்கள். அவர்களைப் பற்றி இப்போதே தீர்ப்பு எழுத, குற்றத் தொகுப்பும் சென்சஸ் ஆய்வும் சேர்ந்த இந்த ஜோடி உதவாது.

பக்கத்துப் பகுதிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் சாதாரணப் பின்னடைவுக் (ரிக்ரஷன்) கணக்கு திட்டப் பிழையைக் குறைத்துக் காட்டும். இதைச் சரிசெய்ய, லூக் அன்செலின் உருவாக்கிய ஜியோடா மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில், பக்கத்துப் பகுதிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் மோரன் குறியீட்டைப் பாருங்கள். பின்னடைவுக் கணக்கு விளக்காமல் விட்ட மிச்சங்களில் அது இன்னும் உயர்வாக இருந்தால், பக்கத்துப் பகுதிகளின் தாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும் இடப் பின்னடைவு மாதிரிக்கு மாறுங்கள்.

தளத்தின் முகப்பிலேயே ஒரு எச்சரிக்கை உண்டு: முதற்கட்ட வகைப்பாடு பின்னால் மாறலாம், காலவாரி ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். எல்லோரும் செய்வது காலவாரி ஒப்பீடுதான், அதற்கு இதைவிட நல்ல தரவும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் எச்சரிக்கையில் பொய்யில்லை. தாக்குதல் என்று பதிவானது, காயம்பட்டவர் இறந்தபின் கொலையாக மாறும். கைது நெடுவரிசை மாதங்கள் கழித்தும் திருத்தப்படும். பழைய ஆண்டுகளின் எண்ணிக்கைகூட அசையும். இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையைச் சரிபார்ப்பவர் புதிதாக இறக்கிப் பார்த்து எண் ஒத்துவரவில்லை என்று எழுதினால், காட்டுவதற்கு அந்தப் பிரதி வேண்டும்.