கிளே பாக்கி ஷார்பி: கம்பெனி கை மாறிய பிறகும் வாங்கலாமா?

கச்சேரி மேடைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ லைட் போடுகிறவரிடம் "எட்டு ஷார்பி வேணும்" என்று சொன்னால், வந்து இறங்குவது எந்தக் கம்பெனி பீம் லைட்டாகவும் (காற்றில் மெல்லிய கோடாக வெளிச்சம் அடிக்கும் சுழலும் தலை லைட்) இருக்கலாம். ஜெராக்ஸ் மாதிரி இதுவும் பொதுப்பெயராகிவிட்டது. இங்கே பேசப்போவது அந்தப் பெயருக்குச் சொந்தமான அசல் லைட்டை: இத்தாலியில் பெர்காமோ பக்கம் இருக்கும் கிளே பாக்கி 2010-இல் கொண்டுவந்த ஷார்பி. வாடகைக் கம்பெனிகள் பழைய ஸ்டாக்கைக் கழிக்கும்போது இது செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வாங்கலாமா என்று முடிவு செய்ய லைட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. கம்பெனி யார் யார் கைக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் லைட். எடை 16 கிலோ. பல்ப் வெறும் 189 வாட். அந்த வெளிச்சம் முழுவதையும் 4 டிகிரிக்குள் அடக்கி அனுப்புவதால், பல மடங்கு வாட் உள்ள ஸ்பாட் லைட் பக்கத்தில் எரிந்தாலும் காற்றில் இதன் கோடு தனியாகத் தெரியும். 14 நிறம், 17 கோபோ (வெளிச்சத்துக்கு வடிவம் கொடுக்கும் தகடு), கோட்டைப் பல கோடுகளாகப் பிரிக்கும் எட்டு முகப் பிரிசம். பீமுக்கு இன்றும் இது அருமையான லைட். பாடுகிறவர் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கவோ மேடையை நிரப்பவோ உதவாது. ஹேஸ் (மெல்லிய புகை மூட்டம்) இல்லாத மேடையில் கோடே தெரியாது. ஹேஸ் மெஷினுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

இனி கம்பெனி. பாஸ்குவாலே குவாத்ரி 1976-இல் தொடங்கியது. 2014-இல் ஜெர்மனியின் பல்ப் கம்பெனியான ஓஸ்ராம் வாங்கியது. 2020-இல் ஆஸ்திரியாவின் ஏ.எம்.எஸ். என்ற சென்சார் கம்பெனி அந்த ஓஸ்ராமையே விழுங்கியது. செல்போனுக்குள் போகும் சென்சார் செய்கிறவர்களுக்கு மேடை லைட் எதற்கு? 2023-இல் சினிமா கேமரா செய்யும் ஆரி கைக்குக் கிளே பாக்கி போனது. 2023 வரையிலான ஒன்பது வருஷத்தில் மூன்று முறை முதலாளி மாற்றம்.

இதற்கு நடுவில் ஷார்பிக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. அதற்குள் இருப்பது பிலிப்ஸின் எம்.எஸ்.டி. பிளாட்டினம் 5ஆர் பல்ப். ஓஸ்ராமுக்கு நேர் போட்டியாளர் பிலிப்ஸ். முதலாளியிடமே சிரியஸ் என்ற சொந்த பல்ப் வரிசை இருந்தும் பழைய ஷார்பிகளுக்குப் பல்ப் தட்டுப்பாடு வரவில்லை. காரணம், 5ஆர் பல்பை நம்பி வேறு பல கம்பெனிகளும் பீம் லைட் செய்தன. பலர் பயன்படுத்தும் பாகம் எந்தக் கைமாற்றத்தையும் தாண்டி நிற்கும். ஒரே ஃபேக்டரியில் இருந்து மட்டும் வரும் பாகம்தான் ஆபத்து. ஷார்பியில் அவை கோபோ சக்கரம், போர்டுகள், டிஸ்ப்ளே. செகண்ட் ஹேண்டில் சோதிக்க வேண்டியதும் இவற்றைத்தான்.

ஆன் செய்ததும் லைட் தன் பாகங்களைத் தானே ஓட்டிச் சரிபார்க்கும் ரீசெட்டை முழுசாகப் பாருங்கள். சக்கரம் ஒவ்வொரு முறையும் அரை இடம் தள்ளியே நின்றால் அதன் இடத்தைக் கண்டறியும் ஹால் சென்சாரோ அதன் காந்தமோ போயிருக்கலாம். சென்சார் மலிவு. சக்கரத்தோடு போனால் செலவு வேறு. அடுத்து வேகமாக பேன் (தலையின் பக்கவாட்டுச் சுழற்சி) ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்துங்கள். தலை குலுங்கி நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. நின்ற தலையைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டால் தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் தலையின் நிலையை அளக்கும் என்கோடரைச் சந்தேகிக்கலாம்.

மெனுவில் பல்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பாருங்கள். 5ஆரின் ஆயுள் 2,000 மணி. அதைத் தாண்டி ஓட்டினால் குவார்ட்ஸ் பலவீனமாகி வெடிக்கலாம். சூடான சில்லுகள் கண்ணாடி நிற ஃபில்டர்களையும் சேர்த்துக் கெடுக்கும். பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒரே பாகம் என்பதால் மாற்றுவது சுலபம், ஆனால் போலி பல்பும் அதனாலேயே சுலபமாக நுழைகிறது. போலியில் ஆர்க் (பல்புக்குள் ஒளிரும் பொறி) கொஞ்சம் விலகி இருந்தாலே வெளிச்சத்தின் நடு தள்ளிப்போகும், கோபோ கருகும். பத்து மீட்டர் தூரத்துச் சுவரில் வெறும் வெள்ளையை அடித்து ஃபோகஸைத் தளர்த்துங்கள். வட்டத்தின் நடுவில் சீரான பிரகாசம் வர வேண்டும். மெனுவில் காட்டும் மணியை மட்டும் நம்ப வேண்டாம். பல்ப் மாற்றாமலேயே பூஜ்யமாக்கிவிட முடியும்.

மாட்டும்போது: ஒரு லைட்டுக்கு 16 கட்டுப்பாட்டுச் சானல் என்றால், 512 சானல் கொண்ட ஒரு டி.எம்.எக்ஸ். யூனிவர்ஸில் (ஒரு கட்டுப்பாட்டு கேபிள் இணைப்பு) 32 லைட் அடங்கும். கடைசி லைட்டில் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் செருகி) போடுங்கள். அது இல்லாமல் நீளக் கேபிளில் தலைகள் தானாக நடுங்கினால் லைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பல்பை மட்டும் அணைத்துவிட்டு ஃபேன் ஓடட்டும். சூட்டோடு மெயினைப் பிடுங்கிப் பெட்டியில் அடைத்தால் பல்பின் ஆயுள் குறையும்.

மற்ற மேடை லைட் கம்பெனிகளின் கதையும் இந்த முடிவுக்கு உதவும். ஹை எண்ட் சிஸ்டம்ஸை 2008-இல் பார்கோ வாங்கியது, 2017-இல் இ.டி.சி. வாங்கியது, இ.டி.சி. கையில் ஹாக் கன்சோல் (லைட்டுகளை இயக்கும் பலகை) தொடர்ந்து வந்தது. சாம்சிஸ் 2017-இல் ஷோவேயிடம் போனது, நம் ஊர் ஆபரேட்டர்கள் பழகிய அவோலைட்ஸ் 2023-இல் ரோபேயிடம் போனது. இ.டி.சி., ஷோவே, ரோபே மூவருக்கும் மேடை லைட்டே தொழில். வேரிலைட்டும் ஸ்ட்ராண்டும் 2008-இல் ஜென்லைட்டோடு சேர்ந்து பிலிப்ஸுக்குப் போனபோது, அந்தப் பெரிய குழுமத்தின் கணக்கில் ஒரு வரி ஆயின. மார்ட்டினை 2013-இல் ஹார்மன் வாங்கியது, ஹார்மனை 2017-இல் சாம்சங். இப்படி மேடை லைட் முக்கியத் தொழிலாக இல்லாத பெரிய குழுமத்தின் கைக்குப் போன கம்பெனியின் சரக்கு என்றால் உதிரிபாகத்துக்குப் பதில் கிடைத்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

ஷார்பியை வாங்கலாம், கணக்கோடு. எட்டு வேண்டும் என்றால் ஒன்பது வாங்கி, ஒன்பதாவதைப் பாகங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றின் சீரியல் எண்களையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பேரம் பேசும் முன் ஒவ்வொரு முன் லென்ஸ் வழியாகவும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழுப்புத் தழும்போ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது வெயில் செய்த வேலை. பகலில் மைதானத்தில் மாட்டி லென்ஸ் சூரியனைப் பார்த்து நின்றால், கரண்டே இல்லாவிட்டாலும் பூதக்கண்ணாடி மாதிரி அது உள்ளே சுட்டுவிடும். அந்த லைட்டை விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு உங்கள் மைதானத்தில் தலைகளைத் தரையைப் பார்க்க வைத்து, இருட்டும் வரை கறுப்புத் துணி போட்டு மூடுங்கள்.